கண்ணாடித் துணி

அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த வயல்களுக்கு மேலே ஒரு வள்ளம் மிதந்து வந்துகொண்டிருந்தது. அதைச் சுமந்து வந்த லாரி கண்ணுக்குத் தெரியவில்லை. சாலையோரத்து உடைமரங்கள் அதை மறைத்திருந்தன. நீல வண்ணம் உரிந்த மூக்கைச் சற்றே நிமிர்த்தியபடி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத நிலத்தின் மேல் வள்ளம் மட்டும் அவசரமில்லாமல் வந்தது. களத்தில் நின்றிருந்த கார்த்திகேசன் கையிலிருந்த காப்பியைக் குடிக்க மறந்துபோனான். வரச் சொன்னவன் அவன்தான். இன்று காலை வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் அது கண்முன் வருகிறபோது அவன் உடம்பு சிலிர்த்தது.

சீவலப்பேரியில் ஆற்றுக்குப் போகிற தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. நிலமெல்லாம் கைமாறிப்போன பிறகு மிஞ்சியது வீட்டை ஒட்டிய நெல்லடிக்கிற களம் ஒன்றுதான். அதில் தகரக் கொட்டகை போட்டு, பூதத்தானைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஃபைபர் சாமான்கள் செய்துகொண்டிருந்தான் கார்த்திகேசன். தண்ணீர்த் தொட்டி, நாற்காலி, மீன் கம்பெனிகளுக்கு ஐஸ் பெட்டி. பூதத்தான் முன்பு இவர்கள் வயலில் ஏர் ஓட்டியவர். இப்போது கண்ணாடி இழையை அளந்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

லாரியிலிருந்து முதலில் இறங்கியவர் ரேமண்ட், வள்ளத்தின் சொந்தக்காரர். ஊர் கூட்டப்புளி. வயது நாற்பது இருக்கும். உப்பிலும் வெயிலிலும் ஊறிய கருத்த உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. காதில் தச்சர்கள் வைத்துக்கொள்வதுபோல ஒரு தட்டைப் பென்சில்.

“வழியெல்லாம் ஒரே வேடிக்கை தம்பி,” என்றார். “வள்ளியூர்ல டீ குடிக்க நிறுத்தினோம். கடல் இங்கன வரைக்கும் வந்துருச்சான்னு கேக்கான் ஒருத்தன். நாங்குநேரியில ஒரு பெரியவர் செருப்பைக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. தேருன்னு நெனச்சிருப்பாரு போல.”

“தேருதான் அண்ணாச்சி,” என்றார் பூதத்தான். “வாடைதான் கொஞ்சம் வேற.”

வாடை அதற்குள் அடுக்களை வரை போயிருந்தது. கார்த்திகேசனின் அம்மா நீலாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புறவாசலில் வந்து நின்றாள். வெங்காயம்கூடச் சில நாட்களில் விலக்கி வைக்கிற வீடு.

“ஏலே கார்த்தி, என்னலே இது?”

“வள்ளம்மா.”

“அது தெரியுது. எத்தனை நாளைக்கு?”

“மரம் காயணும். பொறவு வேலை. இருபது நாளு ஆகும்.”

“இருபது நாளு நம்ம வீட்டுல மீன் பொரிக்கோம்னு ஊரு பேசும். பேசட்டும்.”

ரேமண்ட் சங்கடத்தோடு சிரித்தார். “கோவிக்காதீங்கம்மா. இது கடல் வாடை. மீன் வாடை இதுல கால்வாசிகூட இல்ல.”

“அப்ப மிச்சம் முக்காலும் என்னதுய்யா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்ச் சாம்பிராணி போட்டாள்.

ரேமண்ட் இவனைத் தேடி வந்த கதை இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால், கார்த்திகேசன் செய்த ஐஸ் பெட்டி ஒன்று ஓடுகிற லாரியிலிருந்து தார்ச்சாலையில் விழுந்து நாலு குட்டிக்கரணம் போட்டு உருண்டதை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பெட்டியில் ஒரு கீறல் இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“அதை அப்படியே என் வள்ளத்துக்குச் சட்டையாப் போட முடியுமா தம்பி?” என்று கேட்டார்.

அவருடையது ஒட்டுப்பலகையில் செய்த வள்ளம். தினமும் கரை மணலில் இழுத்து இழுத்து அடிப்பலகை தேய்ந்துவிட்டது. தேய்ந்த இடத்தில் புழு ஏறியிருந்தது. போன கார்த்திகை மாதம் நடுக்கடலில் பலகை வாய் பிளந்துவிட்டது. ரேமண்டும் அவர் தம்பி சுஜினும் இன்னும் இரண்டு பேரும் ஆறு மணி நேரம் தண்ணீரை மோந்து ஊற்றிக்கொண்டே கரை சேர்ந்திருக்கிறார்கள். சேர்ந்தபோது சுஜினின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அதன்பிறகு ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். இன்னொரு கார்த்திகையை அந்த ஒட்டு தாங்காது.

முடியும் என்றுதான் கார்த்திகேசன் சொன்னான். சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. கொச்சியில் ஒரு ஃபைபர் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது படகுகளைத் தொட்டிருக்கிறான். ஆனால் ஒரு படகை முழுசாகத் தன் பொறுப்பில் எடுத்துச் செய்ததில்லை. தொட்டி ஒழுகினால் மொட்டைமாடி நனையும், அவ்வளவுதான். இது ஒழுகினால் நாலு பேர். அந்த நாலு பேரின் கணக்கு அவன் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கடற்கரையில் உப்புக்காற்றில் மரம் காயாது என்றுதான் வள்ளத்தை இங்கே கொண்டுவரச் சொன்னான். களத்தில் பனந்தடிகளைப் போட்டு அதன்மேல் வள்ளத்தைக் கவிழ்த்தார்கள். மூன்று பேரும் நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நீலம் போனது, அதற்கடியில் இருந்த பச்சை போனது, புழு தின்ற பலகை போய் அங்கே புதுப்பலகை வந்தது. கடைசியில் பனங்கற்கண்டு நிறத்தில் வெறும் மரம் தெரிந்தது. பிறகு பத்து நாள் சித்திரை வெயில் அதைக் குடித்தது. வாடை இருந்த இடம் தெரியவில்லை.

ரேமண்ட் கொட்டகையிலேயே கயிற்றுக் கட்டில் போட்டுத் தங்கினார். நீலாம்பாளின் சமையலை மூன்று வேளையும் சாப்பிட்டார். முதல் இரண்டு நாள் சாப்பாடு பூதத்தான் கையில் போனது. மூன்றாம் நாள் அவளே கொண்டுபோய்ப் பரிமாறினாள்.

“புளிக்கொழம்புல ஒண்ணு குறையுதோ?” என்று கேட்டாள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“குறையலம்மா. நீந்துறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல.”

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். கவிழ்ந்து கிடந்த வள்ளத்தை அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் அது பெரிய பசு ஒன்று படுத்துக் கிடப்பதுபோல இருந்தது.

“இதுல எது முன்பக்கம்?”

“இங்கன இருக்கு பாருங்க, கூம்பி. இதை அணியம்னு சொல்லுவோம். வள்ளத்துக்கு இதுதான் மொகம். எந்த அலையும் முதல்ல மூஞ்சியிலதான் அறையும். மொகம் தாங்கிட்டா உடம்பு தாங்கிரும்.”

நீலாம்பாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேமண்ட் ஊருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திரும்புவதாக ஏற்பாடு. சனிக்கிழமை கார்த்திகேசனும் பூதத்தானும் டவுனுக்குப் போய், இழைமேல் பூசினால் கல்லாக இறுகுகிற ரெசின் டப்பாக்களை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் வந்தார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு மேல், ரேமண்டும் திரும்பி வந்து, வெயில் தணிந்ததும், வேலையைத் தொடங்கினார்கள்.

கார்த்திகேசன் பிசுக்கைக் கரைக்கிற அசிட்டோனில் துணியை நனைத்து மரம் முழுக்கத் துடைத்தான். அணியத்தில் மரம் கொஞ்சம் கருத்திருந்ததுபோல் பட்டது. பலகை அங்கே அப்படி என்று நினைத்துக்கொண்டான். பூதத்தான் கண்ணாடி இழைப் பாயை விரித்தார். துணி மாதிரி மடங்கும், ஆனால் துணி இல்லை. வெள்ளைவெளேரென்று, அங்கங்கே பளபளத்து, வள்ளத்தின் முதுகில் அது வழிந்து இறங்கியபோது ரேமண்ட் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். கோடித்துணி போர்த்திய உடம்பு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“இதை எதுல தம்பி செய்யுதாங்க?”

“மணல்ல அண்ணாச்சி. மணலை உருக்கிக் கண்ணாடியாக்கி, அதை நூலா இழுக்காங்க.”

“மணலா?” ரேமண்ட் ஒரு விளிம்பை விரலால் தொட்டார். “இத்தனை வருசமும் மணலுதானே இதை அரிச்சுத் தின்னுச்சு.”

பூதத்தான் ரெசினில் கெட்டியாக்குகிற மருந்தைச் சொட்டு எண்ணி விட்டுக் கலக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் உறைமோர். “மோரு கூடிப்போச்சுன்னா வாளியிலேயே உறைஞ்சிரும், குறைஞ்சிபோச்சுன்னா நாளைக்கும் பாலாத்தான் இருக்கும்,” என்று நீலாம்பாளுக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

கார்த்திகேசன் பிரஷ்ஷை ரெசினில் முக்கி, வெள்ளைப் பாயின் நடுவில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

வெள்ளையைக் காணவில்லை.

பிரஷ் போன வழியில் துணி இருந்த தடயமே இல்லாமல், ஈரமான மரம் மட்டும் தெரிந்தது. சும்மா தெரியவில்லை. வெயிலில் பத்து நாள் வெளிறிக் கிடந்த மரம், இப்போது தேனுக்குள் வைத்ததுபோல் ஒளிர்ந்தது. அதன் ஒவ்வொரு ரேகையும், ஒவ்வொரு ஆணித்தலையும், ஒரு கணுவைச் சுற்றி வளைந்து போகிற வரிகளும் முன்பைவிடத் துலக்கமாக எழுந்து வந்தன. கொச்சியில் ஆயிரம் தடவை இதைப் பார்த்தவன்தான் அவன். ஆனால் அங்கே அடியில் இருந்ததெல்லாம் மெழுகு பூசிய அச்சு. இப்படிக் கடலுக்குப் போய்வந்த மரத்தின் மேல் இதைப் பார்த்ததில்லை. மறைக்கப் போட்ட துணி, இருந்ததைத் திறந்து காட்டியது.

“துணி எங்க தம்பி?” என்றார் ரேமண்ட், ரொம்பப் பைய.

“உள்ளதான் இருக்கு. தண்ணிக்குள்ள உப்பு இருக்கு இல்லையா, அது மாதிரி.”

ரேமண்ட் இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உருளையை வாங்கிக் காற்றுக் குமிழிகளை அழுத்தி வெளியேற்றுகிற வேலையில் சேர்ந்துகொண்டார். பொழுது அடங்குகிறவரை மூன்று பேரும் வேலையில் மூழ்கியிருந்தார்கள். வெள்ளை பின்வாங்கிக்கொண்டே போனது. அதன் பின்னால் வள்ளம் பொன்னாக வந்துகொண்டே இருந்தது.

திங்கள்கிழமை விடிந்ததும் கார்த்திகேசன் ஒரு ரூபாய் நாணயத்தோடு களத்துக்கு வந்தான். ரெசின் கல்லாக இறுகியிருந்தது. இரண்டாவது படலம் போடுவதற்கு முன்னால், முதல் படலம் மரத்தைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் சொல்லிவிடும். பின்பக்கத்திலிருந்து தொடங்கினான். டிங், டிங், டிங். நடுவயிற்றுக்கு வந்தான். டிங், டிங். வள்ளம் முழுக்க ஒரே சுருதியில் பேசியது. அவனுக்கு உற்சாகத்தில் நடை வேகமாகியது.

அணியத்தில் வைத்துத் தட்டினான். தொப்.

மறுபடி தட்டினான். தொப். ஒரு விரற்கடை தள்ளி, டிங். அப்புறம் மறுபடி தொப். குனிந்து கண்ணை அருகில் கொண்டுபோனான். தெளிந்த படலத்துக்கு அடியில் அங்கங்கே பால் சிந்தியதுபோல் வெள்ளையாக இருந்தது. அந்த இடத்திலெல்லாம் கண்ணாடி மரத்தைப் பிடிக்கவில்லை. நடுவில் காற்று நின்றது. நகத்தைக் கொடுத்து விளிம்பில் நெம்பினான். வெந்நீரில் போட்ட பாதாம்பருப்பின் தோல்போல ஒரு துண்டு எந்த எதிர்ப்பும் இல்லாமல் கழன்று வந்தது. அதை மோந்து பார்க்கத் தோன்றவில்லை. அடிப்பக்கத்தைத் தடவினான். வழுக்கியது. எண்ணெய்.

அவனுக்கு முதலில் வந்தது பயம், பிறகு கோபம். இதைத் தட்டிப் பார்க்காமல் மேலே இரண்டாவது படலம் போட்டிருந்தால்? கார்த்திகை மாதக் கடலில் ஒரு அலை இந்த முகத்தில் அறைந்திருந்தால்?

ரேமண்ட் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க இதுல எண்ணெய் போட்டியளா?”

“என்ன எண்ணெய்?”

“உங்க ஊர்ல வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசுவிய. எனக்குத் தெரியும். கெடக்கூடாதுன்னு ஆசையில பூசியிருப்பிய. எண்ணெய் பட்ட மரத்தை ரெசின் பிடிக்காதுன்னு முதல் நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

ரேமண்ட் குச்சியைத் துப்பினார். “பூசுவோம். எங்க அப்பா பூசுவாரு, நானும் வருசாவருசம் பெயிண்டுக்கு மேல பூசுவேன். நீரு வேண்டாம்னு சொன்ன பொறவு பூசுவனா? இதுல ஏறிப் போறது என் தம்பி வே.” குரல் உயரவில்லை. ஆனால் அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர் நீரு என்றதை இருவருமே கவனித்தார்கள்.

“பின்ன யாரு வந்து பூசினது?”

ரேமண்ட் அணியத்தின் பக்கம் வந்தார். அப்போதுதான் சூரியன் ஆற்றங்கரை மருதமரங்களுக்கு மேலே ஏறி, ஒளி படலத்தின்மேல் சாய்வாக விழுந்தது. கார்த்திகேசன் பால் சிந்தியதாக நினைத்த வெள்ளைகள் உருவம் கொண்டன. ரேமண்ட் மூச்சை இழுத்துக்கொண்டார்.

கைகள்.

கண்ணாடிக்குள்ளே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வெள்ளைக் கைகள். ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கைகள், மேலிருந்து கீழே தடவி இறங்கியவை, கன்னத்தைப் பிடிப்பதுபோல அணியத்தின் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்தவை. யாரோ மரத்துக்குள்ளிருந்து வெளியே கை நீட்டுவதுபோல இருந்தது. ஆறு, ஏழு, பதினொன்று. எண்ணிக்கொண்டே வந்த கார்த்திகேசனுக்குக் கையில் மயிர் நின்றது. மேலே துடைத்தும் போகாமல் எண்ணெய் எங்கே மரத்துக்குள் இறங்கியிருந்ததோ அங்கே மட்டும் கண்ணாடி விலகி நின்று, தொட்ட கையை வரி பிசகாமல் வரைந்து வைத்திருந்தது.

ரேமண்ட் தன் வலது கையை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய உள்ளங்கைக்குள்ளேயே அந்தக் கை முழுதும் அடங்கிவிட்டது.

“என் கை இல்ல,” என்றார். பிறகு குனிந்து, “எல்லா வலது கையிலயும் சுண்டுவிரல் கோணியிருக்கு, பாத்தீரா?”

கார்த்திகேசன் பார்த்தான். பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவனுக்கு ஐந்து வயதில், உரலில் மாவு இடிக்கும்போது உலக்கை விழுந்து மடங்கிப்போன விரல். அந்த விரலோடுதான் அவனுக்குத் தலை சீவிவிட்டது அந்தக் கை.

“அம்மா,” என்று கூப்பிட்டான். கூப்பிட்ட விதத்தில் நீலாம்பாள் அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள்.

வந்து பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

“சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் டவுனுக்குப் போயிருந்திய,” என்றாள். “நம்ம கோவில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால எண்ணெய்க்காப்பு வச்சாங்களே, நெனவிருக்கா? எல்லாரும் அவங்கவங்க கையாலயே சாமிக்கு எண்ணெய் சாத்தினோம். இதுவும் நாளைக்குக் கடல்ல போய் நிக்கப் போறது. மூஞ்சியிலதான் அறை விழும்னு அவரு சொன்னாரு. காஞ்சு வெளிறிப்போய்க் கெடந்துச்சு. நல்லெண்ணெய் காச்சிக் கொஞ்சம்போல மொகத்துல மட்டும் சாத்தினேன். துணியால ஒத்தியும் எடுத்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “சனிக்கிழமை வேற. நீ எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு எத்தனை மாசமாச்சு. அதுவாவது தேய்ச்சுக்கிடட்டுமேன்னு...” என்றாள்.

பூதத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கார்த்திகேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. ரேமண்டின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

“அண்ணாச்சி, நான் கேட்டது...”

“விடும்வே தம்பி.” ரேமண்ட் அவனைப் பார்க்கவில்லை. அவர் கண்ணாடிக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கூர்ல மீனெண்ணெய், இங்கன நல்லெண்ணெய். இருந்துட்டுப் போகட்டும். இதை எடுக்காதீங்க.”

“என்னது?”

“இப்படியே இருக்கட்டும். இத்தனை கை பிடிச்சுக்கிட்டு இருக்குற வள்ளம் எங்கூர்ல யாருக்கு இருக்கு? வியாழக்கிழமை லாரி வருது. மேல ரெண்டாவதை ஒட்டி விடுங்க. நான் நம்புதேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கார்த்திகேசனுக்கு ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு அழகான ஒன்றை அவன் கை இதற்குமுன் செய்ததில்லை, இனிமேலும் செய்யாது. லாரியும் சொன்ன நாளில் போகும். வள்ளத்துக்காரரே போதும் என்கிறார். ஆனால் தலைக்குள் அந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவனுடைய உள்ளங்கையில் தோல் இல்லை.

“அண்ணாச்சி, அது கை இல்ல,” என்றான். “காத்து. கை அளவுக்கு உள்ள காத்து நிக்குது. ஒரு கீறல் விழுந்தாப் போதும், உப்புத்தண்ணி அதுக்குள்ள ஏறி, பதினோரு கை வழியாவும் உங்க வள்ளத்தை உரிச்சு எடுத்துரும்.”

ரேமண்ட் அசையவில்லை. “அம்மா பிரியமா வச்ச கை அப்படிச் செய்யுமா?”

நீலாம்பாள் மகனின் கையிலிருந்து நாணயத்தை வாங்கினாள். வள்ளத்தின் வயிற்றில் தட்டினாள். டிங். நாலடி நடந்து வந்து, தன் கையின் நடுவில் தட்டினாள். தொப். தேங்காய் வாங்குகிறபோது காதோரம் வைத்துக் கேட்பாளே, அதே கவனத்தோடு இன்னொரு தடவை தட்டிக் கேட்டாள்.

“பொய்ச்சத்தமா இருக்குய்யா,” என்றாள் ரேமண்டிடம். “எடுத்துரட்டும்.”

எடுக்கிறதற்கு நாலு நாள் ஆனது. அணியத்தின் படலத்தைச் செதுக்கி உரித்தான். மரத்தை ஒரு நூல் ஆழத்துக்குத் தேய்த்தான். வெயிலில் வைத்தால் உள்ளே போன எண்ணெய் வியர்வைபோல் மேலே கசிந்து வரும், அதை அசிட்டோனால் துடைப்பான். மறுபடி வெயில், மறுபடி துடைப்பு. ஒவ்வொரு சாயங்காலமும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தான். முதல் நாள் சொட்டு தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. இரண்டாம் நாளும் நின்றது. நாலாம் நாள் மரம் அதை உறிஞ்சிக்கொண்டது. இஸ்ரவேல் ஓட்டிவந்த லாரி வியாழக்கிழமை வந்து வெறுமனே திரும்பிப் போனது. “அடுத்த வாரமும் இதே பதில்னா நானே பாய்மரம் கட்டி ஓட்டிட்டுப் போயிருவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

மரம் நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பாய் போடுகிற அன்று, ரேமண்ட் காதிலிருந்த தட்டைப் பென்சிலை எடுத்தார்.

“இது பிடிப்பைக் கெடுக்குமா தம்பி?”

“பென்சில் கோடா? கெடுக்காது.”

“அப்ப அம்மாவை ஒருக்கா கையை வைக்கச் சொல்லுங்க.”

நீலாம்பாள் வெட்கப்பட்டாள். வேண்டாம் என்றாள். பிறகு போய்ச் சீயக்காய் போட்டு மணிக்கட்டுவரை கை கழுவி, வெயிலில் நீட்டிக் காயவைத்துக்கொண்டு வந்தாள். அணியத்தில் ரேமண்ட் காட்டிய இடத்தில் வலது கையை விரித்து வைத்தாள். கார்த்திகேசன் பென்சிலை வாங்கி, கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, கோணிய சுண்டுவிரலைச் சுற்றி மெதுவாக வந்து முடித்தான். அவள் கையை எடுத்ததும், கோட்டுக்கு உள்ளே இருந்த மரத்தை அசிட்டோனால் இன்னொரு தடவை துடைத்தான்.

“பெத்தவ கைமேல அவ்வளவு நம்பிக்கை,” என்றாள் நீலாம்பாள்.

வெள்ளைப் பாய் விழுந்தது. கை மறைந்தது. அவன் பிரஷ்ஷை முக்கி ஒரு இழுப்பு இழுத்தான். அடியிலிருந்து விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன, மரத்தில் போட்டபோது இருந்ததைவிடக் கருத்து, தெளிந்து. நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் நாணயத்தை நீலாம்பாளிடமே கொடுத்தான் கார்த்திகேசன். உள்ளங்கையில் தட்டினாள். டிங். ஐந்து விரலின் நுனியிலும் தட்டினாள். ஐந்தும் பேசின.

இரண்டாவது, மூன்றாவது படலம் முடிவதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. கார் பருவ நெல் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையைத் திறந்திருந்தார்கள். அதுவரை கணுக்கால் அளவில் கிடந்த தாமிரவருணி கரையைத் தொட்டு ஓடியது. தாமதமே ஆகாமல் வியாழக்கிழமை லாரியில் ஏறியிருந்தால், வள்ளம் நேராகக் கடலுக்குத்தான் போயிருக்கும். இப்போது தெருக்கோடியில் ஆறு இருந்தது. ரேமண்ட்தான் சொன்னார், இங்கேயே இறக்கிப் பார்த்துவிடலாம் என்று. அவர் தம்பி சுஜினும் ஊரிலிருந்து வந்திருந்தான். பனந்தடிகளை உருட்டிப் போட்டு, ஊரில் பாதிப்பேர் சேர்ந்து தள்ளினார்கள். கடல் வள்ளம் ஒன்று சீவலப்பேரித் தெருவில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு போனது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

தண்ணீரில் இறங்கியதும் அது ஒரு தடவை குனிந்து எழுந்தது. அணியத்திலிருந்த கை நீருக்குள் முங்கி, வெயிலில் மின்னிக்கொண்டு வெளியே வந்தது.

கார்த்திகேசன் வள்ளத்துக்குள் ஏறவில்லை. படித்துறையிலேயே நின்றான். ரேமண்ட் உள்ளே குதித்து, படித்துறையைப் பார்த்துக் கேட்டார்: “அம்மா, கோலப்பொடி இருக்கா?”

யாரோ ஓடிப்போய் டப்பாவோடு வந்தார்கள். ரேமண்ட் வள்ளத்தின் உள்ளே அடிப்பலகை முழுக்க, அணியத்தின் உட்பக்கத்தில் அதிகமாக, வெள்ளைப் பொடியைத் தூவினார். எங்கே துளி நீர் கசிந்தாலும் பொடி கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அண்ணனும் தம்பியும் துடுப்பைப் போட்டு, சிற்றாறு வந்து கலக்கிற இடம் வரை, நீர் சுழித்து மோதுகிற இடம் வரை போனார்கள். அங்கே நின்று, ஓட்டத்துக்கு எதிராக வேண்டுமென்றே முகத்தைக் கொடுத்தார்கள். நீர் வந்து அணியத்தில் அறைகிற சத்தம் கரைவரை கேட்டது. ஒவ்வொரு அறைக்கும் நீலாம்பாள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து துறையில் கட்டினார்கள். ரேமண்ட் வள்ளத்துக்குள்ளேயே முழங்கால் போட்டுக் குனிந்து, அணியத்தின் மூலைவரை தவழ்ந்து போனார். கார்த்திகேசனுக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அது ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது.

“சுஜின்,” என்றார் உள்ளேயிருந்து. “வந்து பாரு.”

சுஜின் குனிந்து பார்த்தான். கார்த்திகேசனால் அதற்குமேல் முடியவில்லை. வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தான்.

பொடி தூவியபடியே கிடந்தது, வெள்ளையாக.

ரேமண்ட் அவனைப் பார்த்து, கன்னத்தை உப்பி, பலகையின்மேல் ஒரு ஊது ஊதினார். காய்ந்த பொடி புகைபோல எழுந்து மூன்று பேர் முகத்திலும் படிந்தது.